காற்று வழியா, கம்பி வழியா?

வீட்டில் உட்கார்ந்து சங்கீதம் பழகுகிறவர்களுக்குச் சத்துருக்கள் இரண்டு பேர். ஒருவர் உள்ளே இருப்பவர். அவருக்கு அபசுரம் என்று பெயர். மற்றவர் வெளியே இருப்பவர். அவருக்கு அண்டை வீட்டுக்காரர் என்று பெயர். முதல் சத்துருவை வருஷக் கணக்கில் சாதகம் செய்து ஒருவாறு ஜயித்து விடலாம். இரண்டாமவரை ஜயித்தவர்கள் வெகு சிலரே. வீணை வாசிக்கிறவரும் புல்லாங்குழல் ஊதுகிறவரும் எப்படியோ பிழைத்துப் போவார்கள். மின்சாரக் கிதார் வாசிக்கிறவர் பாடுதான் திண்டாட்டம். அந்த வாத்தியம் உலகத்தில் அவதாரம் செய்ததே உரக்கக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தானே!

இந்தக் கிதாரை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்கிறவர்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு பழைய வழக்கு நடந்து வருகிறது. கிதாரை ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைத்து, பெட்டியின் முன்னால் மைக்கை வைத்து, காற்றில் வரும் ஓசையைப் பதிவு செய்வது ஒரு கட்சி. பெட்டியும் வேண்டாம், மைக்கும் வேண்டாம், கிதாரிலிருந்து வரும் கம்பியை நேரே பதிவு யந்திரத்தில் சொருகி விடுவோம் என்பது எதிர்க்கட்சி. முதலாவதைக் காற்று வழி என்றும் இரண்டாவதைக் கம்பி வழி என்றும் சொல்லலாம்.

இது யந்திரம் தெரிந்தவர்களின் சண்டை, நமக்கு என்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த வழக்கின் பூர்வோத்தரத்தைப் பார்த்தால் அதில் ஒரு வீடு வருகிறது. ஒரு கணவனும் மனைவியும் வருகிறார்கள். முதலாளிகளை ஏமாற்றிய ஒரு சாதுவான இஞ்சினீயரும் வருகிறார். ஆகையால் கதை படிக்கிறவர்களுக்கும் இதில் பாத்தியதை உண்டு.

*

முதலில் வாத்தியம் பிறந்த கதை. அமெரிக்காவின் நடன மண்டபங்களில் பெரிய வாத்தியக் கோஷ்டிகள் கொடி கட்டிப் பறந்த காலத்தில், டிரம்பெட்டுகளுக்கும் சாக்ஸபோன்களுக்கும் நடுவே கிதார்க்காரர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். அவர் வாசிக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். கல்யாணப் பந்தலில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் மோர்சிங் வாசித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

1931-ம் ஆண்டில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவரும் அடால்ஃப் ரிக்கன்பாக்கர் என்பவரும் சேர்ந்து இதற்கு ஒரு பரிகாரம் கண்டார்கள். உலோகத் தந்திக்கு அருகில் காந்தமும், மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய சுருளும் வைத்தார்கள். தந்தி அதிர்ந்தால் சுருளில் சிறிதளவு மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பினால் கிதாரின் குரல் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் எட்டும். அவர்கள் செய்த அலுமினியக் கிதார் வட்டமாக, நீண்ட பிடியோடு இருந்தபடியால் ஜனங்கள் அதற்கு 'வாணலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1939-ல் பென்னி குட்மனின் கோஷ்டியில் சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். தாளத்துக்குத் துணை நின்ற கிதார் அவர் கையில் தனி ஆவர்த்தனம் வாசிக்கத் தொடங்கியது. 1942-ல், இருபத்தைந்து வயதில், அவர் காலமானார். ஆனால் கிதார் மறுபடி பின் வரிசைக்குத் திரும்பவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வீணையில் தந்தியும் குடமும் ஒரே உடம்பு. தந்தி பேசுகிறது, குடம் அதற்குக் கனம் கொடுக்கிறது. மின்சாரக் கிதாரிலோ உடம்பு இரண்டாகப் பிளந்து போயிற்று. தந்தி வித்வானின் மடியில். குடம் பத்தடி தள்ளித் தரையில் ஒரு பெட்டியில். சாரீரம் ஒரிடம், சரீரம் ஒரிடம்! கச்சேரியில் இதனால் தொந்தரவு இல்லை. ஒலிப்பதிவு செய்யும்போதுதான், சாரீரத்தை மட்டும் எடுத்துக் கொண்டால் போதுமா, சரீரமும் வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது.

அந்தப் பெட்டி லேசுப்பட்டதல்ல. சாதாரணமாக அதிலுள்ள ஸ்பீக்கர் பன்னிரண்டு அங்குலக் காகிதக் கூம்பு. விநாடிக்குச் சுமார் ஐயாயிரம் அதிர்வுக்கு மேற்பட்ட கூரிய ஓசைகளை அது அதிகமாக வெளியே விடாது. உள்ளே இருக்கும் வால்வுகளைச் சக்திக்கு மீறி உழைக்க வைத்தாலோ, ஓசையின் முனைகளை மழுக்கி ஒருவிதக் கரகரப்பைச் சேர்க்கும். சங்கீத ரசிகர்களில் ஒரு பெரிய கூட்டம் மயங்கியது அந்தக் கரகரப்பில்தான். பெட்டியை விலக்கிவிட்டுக் கம்பி வழியே கேட்டால் கிதாரின் ஓசை துல்லியமாக இருக்கும். கூடவே, தோல் உரித்த மாதிரி மெலிந்து, கூராக, சற்றுத் தகரத்தனமாகவும் இருக்கும். விரல் செய்யும் நல்லதும் கெட்டதும் ஒன்று விடாமல் தெரியும். உண்மை பேசுகிறவர்களைப் போல் அது மரியாதைக்குரியது; எல்லா நேரமும் இனிமையானது என்று சொல்ல முடியாது.

*

இனி அந்த வீட்டுக்குப் போவோம். லெஸ் பால் 1915-ல் விஸ்கான்ஸின் மாகாணத்தில் வாக்கேஷா என்ற ஊரில் பிறந்தவர். பையனாக இருந்தபோது சாலையோரச் சாப்பாட்டுக் கடையில், காரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்காகக் கிதார் வாசித்துப் பாடினாராம். பாட்டுக் கேட்கிறது, கிதார் கேட்கவில்லை என்று ஒருவர் குறை சொன்னாராம். வீட்டுக்குப் போய்க் கிராமபோனின் ஊசியைக் கிதாரில் செருகி, ரேடியோப் பெட்டியோடு இணைத்தாராம். பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது. கதை சொல்வதிலும் அவர் வித்வான்தான். ஆனால் பின்னால் செய்ததைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

1941-ல் நியூயார்க்கில், நாலு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றின் மேல் தந்திகளைக் கட்டி ஒரு கிதார் செய்தார். உள்ளே வெற்றிடம் இல்லை, வெறும் கட்டை. பார்க்கிறவர்கள் சிரிக்காமல் இருப்பதற்காக, பழைய கிதார் ஒன்றை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டவைத்தார். குடமில்லாத இந்தக் கிதாரை மின்சாரம் இல்லாமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது. அண்டை வீட்டுக்காரர் என்ற சத்துருவை வெல்ல இதைவிடச் சிறந்த ஆயுதம் ஏது?

பிறகு ஹாலிவுட்டுக்குக் குடிபோய், வீட்டு மோட்டார்க் கொட்டகையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். அந்தக் காலத்தில் இசைத்தட்டுப் பதிவு என்றால் கம்பெனியின் பெரிய கூடம், கம்பெனியின் இஞ்சினீயர், கம்பெனியின் கடிகாரம். எவ்வளவு பெரிய வித்வானானாலும் அந்த வாசலில் காத்திருக்க வேண்டும். லெஸ் பால் காத்திருக்கவில்லை. ஒரு கிதாரைத் தட்டில் பதிவு செய்தார். அந்தத் தட்டைச் சுழலவிட்டு, அதோடு சேர்ந்து இன்னொரு கிதார் வாசித்து, இரண்டையும் வேறொரு தட்டில் பதிந்தார். இப்படியே அடுக்கிக் கொண்டு போனார். 1948-ல் அவர் வெளியிட்ட 'லவர்' என்ற தட்டில் எட்டுக் கிதார்கள் கேட்கும்; எட்டையும் வாசித்தவர் ஒருவரே.

அதே 1948 ஜனவரியில், ஓக்லஹோமா மாகாணத்தில் அவர் சென்ற கார் விபத்துக்குள்ளாகி, வலது முழங்கை நொறுங்கிப் போயிற்று. மூட்டு இனி மடங்காது, ஏதாவது ஒரு நிலையில் நிலையாகத்தான் நிற்கும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். "அப்படியானால் கிதார் பிடிக்கிற நிலையில் நிற்கட்டும்" என்பது அவர் ஏற்பாடு. மிச்ச ஆயுள் முழுவதும் அந்தக் கை அப்படியே நின்றது. 2009-ல், தொண்ணூற்று நாலு வயதில் கண்ணை மூடும் வரையில் வாசித்துக் கொண்டிருந்தார்.

1949-ல் மேரி ஃபோர்டு என்ற பாடகியை மணந்தார். அதே வருஷம் பிங் கிராஸ்பி அவருக்கு ஆம்பெக்ஸ் கம்பெனியின் நாடாப் பதிவு யந்திரம் ஒன்றைக் கொடுத்தார். அதில் இன்னொரு தலையைக் கூடுதலாகப் பொருத்தி, பழைய ஓசையைக் கேட்டுக் கொண்டே அதன் மேல் புதிய ஓசையைப் பதியும்படி லெஸ் பால் செய்தார். இதில் ஒரு பயங்கரம் உண்டு. புதியது பதியும்போது பழையது அழிந்துவிடும். பத்தாவது அடுக்கில் மேரிக்கு ஒரு தும்மல் வந்தால் முன்னால் போட்ட ஒன்பது அடுக்கும் போச்சு! மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இப்படித்தான் நியூயார்க்கில் ஜாக்ஸன் ஹைட்ஸ் என்ற பகுதியில், அவர்கள் குடியிருந்த வீட்டில், 'ஹௌ ஹை தி மூன்' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். கிதாரின் மின்சாரம் கம்பி வழியே நேராகப் பதிவுக் கருவிக்குப் போயிற்று. மேரி மைக்குக்கு வெகு சமீபத்தில் நின்று, காதோடு ரகசியம் சொல்வது போல் பாடினார். 1951-ல் அந்தப் பாட்டு ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதல் ஸ்தானத்தில் நின்றது. குடித்தனம் நடத்தும் வீட்டிலேயே தயாரான சரக்கு, கம்பெனிகளின் கூடங்களையெல்லாம் தோற்கடித்தது. கம்பி வழியின் முதற் பெரும் வெற்றி இது என்று சொல்லலாம்.

நாவலாசிரியனுக்கு இங்கே ஒரு சந்தேகம் எழுகிறது. வீடு ஒலிப்பதிவுக் கூடமானால் வீடு என்ன ஆகும்? நியூ ஜெர்ஸியில் மாவா என்ற ஊரில் பிறகு அவர்கள் கட்டிக் கொண்ட வீட்டிலும் கூடம்தான் பிரதானம். 1953 முதல் அந்த வீட்டிலிருந்தே, புருஷனும் பெண்ஜாதியுமாகச் சிரித்துப் பேசிப் பாடும் நிகழ்ச்சியைப் படம் பிடித்து டெலிவிஷனில் காட்டினார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு கூட மிச்சமில்லை. 1964-ல் அவர்களுக்கு விவாகரத்து ஆயிற்று. எதனால் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் அந்தத் தட்டில், ஒரே மேரியின் குரல் பல மேரிகளாகி ஒன்றையொன்று தழுவிப் பாடுவதைக் கேட்கும்போது, உண்மையில் மேரிக்குப் பக்கத்தில் வேறு யாருமே நின்று பாடவில்லை என்ற நினைப்பு வந்து மனத்தை என்னவோ செய்கிறது.

*

லெஸ் பால் மாசு மறுவற்ற ஓசைக்குப் பாடுபட்ட அதே காலத்தில், காற்று வழிக்காரர்களுக்கு ஒரு பழுதின் மூலமாக அதிர்ஷ்டம் வந்தது. 1951 மார்ச்சில், ஐக் டர்னரின் கோஷ்டியார் மெம்பிஸ் நகரில் ஸாம் ஃபிலிப்ஸ் நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது, கிதார்ப் பெட்டி வழியில் அடிபட்டு ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருந்தது. மாற்ற நேரமில்லை, உள்ளே காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள். கிதார் குளவி மாதிரி ரீங்காரம் செய்தது. 'ராக்கெட் 88' என்ற அந்தத் தட்டு அமோகமாக விற்றது. ஸ்பீக்கர் கிழிந்தது என்று யாரும் குறை சொல்லவில்லை; புது நாதம் என்று கொண்டாடினார்கள்.

கம்பி வழிக்கும் அதே மாதிரி ஒரு பழுது பின்னால் வாய்த்தது. நாஷ்வில் நகரில், 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டுக்கு கிரேடி மார்ட்டின் வாசித்தபோது, பதிவு மேஜையில் ஒரு மின்மாற்றி கெட்டுப் போய், ஓசை கரகரவென்று சிதறியது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். கேட்டவர்கள், இது எப்படி வந்தது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். இஞ்சினீயர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறை வேண்டுமென்றே செய்யும் ஒரு சிறு கருவியை அமைத்தார். 1962-ல் அது கடைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் 'ஸாடிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் உலகமே அதைக் கேட்டது.

1966-ல் லண்டனில் டெக்கா கம்பெனியின் கூடத்தில் வேறொரு சம்பவம். ஜான் மேயாலின் கோஷ்டியில் இருந்த எரிக் கிளாப்டனுக்கு அப்போது இருபத்தொரு வயது. மேடையில் வாசிக்கும் அதே சத்தத்தில்தான் இங்கேயும் வாசிப்பேன், மைக்கை வேண்டுமானால் தள்ளி வைத்துக் கொள்ளுங்கள் என்று பிடிவாதம் செய்தார். கிதாரை அடக்கி வாசிக்கச் சொல்லியே பழகிய இஞ்சினீயருக்கு இது அதர்மமாகத் தோன்றியிருக்கும். ஆனாலும் மைக் தள்ளிப் போயிற்று. பெட்டி அலறியதோடு, அந்த அலறலில் அறையின் சுவரும் கூரையும் கலந்து தட்டில் ஏறின. காற்று வழியின் பெருமை அதுதான். மைக் கேட்பது வாத்தியத்தை மட்டுமல்ல. அந்த இடத்தையும், அந்த நாழிகையையும் சேர்த்துக் கேட்கிறது.

கம்பி வழிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. டெட்ராய்ட் நகரில் பெர்ரி கார்டி 1959-ல் ஒரு வீட்டை வாங்கி, அதையே மோடவுன் கம்பெனியின் கூடமாக்கியிருந்தார். சின்ன அறை, ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு பெட்டி வைத்து அலறவிட்டால் மைக்குகளெல்லாம் ஒன்றன் சத்தத்தை ஒன்று விழுங்கிவிடும். ஆகையால் கிதார்க்காரர்களும் பாஸ் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்ஸனும் கம்பியை நேரே சொருகிவிட்டு, தாங்கள் கேட்பதற்காகப் பொதுவாக வைத்த ஸ்பீக்கரில் கேட்டு வாசித்தார்கள். லெஸ் பாலுக்குத் தனிமையைக் கொடுத்த அதே கம்பி, இங்கே நெருக்கியடித்துக் கொண்டு ஒற்றுமையாக வாசிக்க உதவியது. கருவியின் குணம் அதைப் பிடிக்கிற கையைப் பொறுத்தது.

லண்டனில் ஈ.எம்.ஐ. கூடத்தில் இருந்த கென் டவுன்ஸெண்ட் இதற்கென்றே ஒரு சிறு பெட்டி செய்தார். கிதார்ச் சுருளின் மின்சாரம் வெகு நோஞ்சான். ஊற்றுக் குறைந்த கிணற்றில் நாலு ஏற்றம் போட்டு இறைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் கீழே போய்விடும். மைக்குக்கென்று அமைத்த துவாரத்தில் கிதாரை நேரே சொருகினாலும் அப்படித்தான்; மேல் ஸ்வரங்களின் பளபளப்பெல்லாம் வற்றிவிடும். நடுவே ஒரு மின்மாற்றியை வைத்தால் அது மெல்ல மெல்ல இறைக்கும், கிணறும் வற்றாது. 1967 பிப்ரவரியில் பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மெக்கார்ட்னி இதன் வழியாகப் பாஸ் கிதார் வாசித்தார். அடுத்த வருஷம் 'ரெவல்யூஷன்' பாட்டுக்கு ஜான் லென்னனின் கிதாரை நேரே மேஜைக்குக் கொண்டு போய், ஒரு பெருக்கியிலிருந்து இன்னொரு பெருக்கிக்கு அனுப்பி, அளவு மீறித் திணறவிட்டார்கள். சாதுவான கம்பி வழி அன்றைக்குப் பெட்டியைவிடப் பலமாக உறுமியது.

*

கடைசியில் மறுபடி ஒரு வீடு. டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்றுப் போலராய்ட் கம்பெனியில் வேலை பார்த்த இஞ்சினீயர். ராத்திரி வேளைகளில் மாஸசூஸெட்ஸில் வாட்டர்டௌன் என்ற ஊரில், தம் வீட்டு நிலவறையில் பதிவு செய்வார். இசைத்தட்டுக் கம்பெனி அவர் பாட்டுக்களை ஏற்றுக் கொண்டது. ஆனால் தக்க கூடத்துக்கு வந்து எல்லாவற்றையும் புதிதாகப் பதிய வேண்டும் என்று நிபந்தனை போட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? கோஷ்டியின் மற்றவர்கள் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்க் கம்பெனிக்காரர்களுக்குக் கண்காட்சியாக வேலை செய்து கொண்டிருந்தார்கள். ஷோல்ஸ் சத்தம் போடாமல் நிலவறையிலேயே பெரும்பாலானதை முடித்துவிட்டார். 1976-ல் வெளிவந்த 'பாஸ்டன்' என்ற அந்தத் தொகுப்பு, அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று.

அவரும் அண்டை வீட்டுக்காரர் பிரச்னைக்கு விடை தேடியவர்தான். பெட்டியை முழுப் பலத்தோடு உழைக்கவிட்டு, அந்தப் பலத்தில் பெரும் பகுதியை வழியிலேயே உஷ்ணமாக மாற்றி, மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் கருவி ஒன்றை 1980-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1982-ல் 'ராக்மன்' வந்தது. இடுப்பில் மாட்டிக் கொள்ளும் சின்னப் பெட்டி. பெரிய பெட்டியின் ஓசையைப் போல் காதுக்குழாயில் ஒலிக்கும். 1998-ல் லைன் 6 கம்பெனியார் முந்திரிப் பருப்பு மாதிரி வளைந்த சிவப்புக் கருவி ஒன்றில், பல பழைய பெட்டிகளின் குணங்களைக் கணக்காக்கி அடைத்துக் கொடுத்தார்கள். இப்போது ஒரு ஸ்பீக்கரும் அதன் முன் வைத்த மைக்கும் அறையில் எப்படிப் பதில் சொல்கின்றன என்பதை முன்கூட்டியே பதிந்து வைத்துக் கொண்டு, கம்பி வழியே வந்த கிதார் ஓசைக்கு அதைப் போர்த்திவிடுகிறார்கள். நடுநிசியில், குழந்தை தூங்கும் அறையில், மண்டபமே அதிரும் கிதாரைப் பதிவு செய்யலாம்.

ஆகவே வழக்கு ஒருவாறு ராஜியாகிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் கம்பி வழியே வரும் ஓசையைத் தனியாகப் பதிந்து வைத்துக் கொள்கிறார்கள். பின்னால் நல்ல பெட்டியும் நல்ல அறையும் கிடைத்தால் அந்த ஓசையைப் பெட்டிக்குள் அனுப்பி, மைக் வைத்து மறுபடி பிடித்துக் கொள்ளலாம். வசதி இல்லாத பையன்களுக்கு இதைவிட உபகாரம் வேறு இல்லை. கம்பெனி வாசலில் காத்திருக்க வேண்டாம். அண்டை வீட்டாரிடம் ஏச்சு வாங்க வேண்டாம். கையில் வித்தை இருந்தால் போதும். இந்த விடுதலையை யாரும் அற்பமாக நினைக்கக் கூடாது.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் ஒரு விநோதத்தைப் பாருங்கள். அறையிலிருந்து தப்பித்துக் கொண்டவர்கள் எல்லோரும், தப்பித்த மறுநாளிலிருந்து அந்த அறையை மறுபடி எப்படிக் கொண்டு வருவது என்றுதான் பாடுபட்டிருக்கிறார்கள். கம்பிக்குள் அறையை அடைத்தார்கள்; பழைய காகிதக் கூம்பை அடைத்தார்கள்; மைக்கைச் சற்று ஓரமாக நகர்த்தி வைத்தால் ஓசை எப்படி மங்கும் என்பதைக் கூட அடைத்தார்கள். மனிதனின் காதுக்குச் சங்கீதம் மட்டும் போதவில்லை. அது எந்த இடத்தில் பிறந்தது, அங்கே சுவர் இருந்ததா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்பதும் வேண்டியிருக்கிறது. கம்பி, விரலின் உண்மையைச் சொல்கிறது. காற்று, இடத்தின் உண்மையைச் சொல்கிறது. தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு முதலாவது எளிதில் கிடைத்துவிடும். இரண்டாவதைக் கருவியில் தேடுவது ஒரு வழி. நாலு சிநேகிதர்களைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, பெட்டியைத் திறந்துவிட்டு ஒரு சாயங்காலம் வாசித்துப் பார்ப்பது இன்னொரு வழி. அண்டை வீட்டுக்காரரையும் அழைத்து உள்ளே உட்காரவைத்துவிட்டால், ஆட்சேபம் சொல்ல அவரும் இருக்க மாட்டார்.